கிளிக்கு உடம்பு சரியில்லையா? முதல் பத்து நிமிடம், அப்புறம் நல்ல மருத்துவர்

உங்கள் கிளி இந்த நிமிடம் கூண்டின் அடித்தட்டில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் இங்கே வந்தீர்கள் என்றால், முழுவதும் படிக்காதீர்கள். ஃபேனும் ஏசியும் நேராக அடிக்காத, சத்தமில்லாத இடத்துக்குக் கூண்டை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு கொடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். மீதியை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

அவசரம் இல்லாமல் படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பறவை மருத்துவரைத் தேட வேண்டிய நேரம் உங்களுக்கு இதுதான். நான் தேடியது இரவு ஒன்பதரை மணிக்கு. மணி என்ற எங்கள் காக்டெய்ல் (cockatiel, கொண்டை உள்ள சின்னக் கிளி வகை) மடியில் துண்டுக்குள் இருந்தான். அவன் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் வால் மேலும் கீழும் ஆடியது. நாலு இடத்துக்குப் போன் போட்டேன். மூன்று இடத்தில் "நாய், பூனை மட்டும்தான் பார்க்கிறோம்" என்றார்கள். நாலாவது இடத்தில் "கொண்டு வாங்க" என்றார்கள். அந்த நாலாவது இடத்தில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். புதிதாகக் கிளி வளர்ப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது

கிளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. நானும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. காட்டில் பருந்தும் பாம்பும் கூட்டத்தில் சோர்ந்துபோன பறவையைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் கிளி தன் பலவீனத்தை முடிந்தவரை மறைக்கும். வீட்டில் பருந்து இல்லை என்பது அதற்குத் தெரியாது. நம் கண்ணுக்கு நோய் தெரிகிற நாளில் நோய் புதிதாக வந்திருக்காது. மறைப்பதற்கு இனித் தெம்பில்லை என்பதால் வெளியே தெரிகிறது. ஆகவே "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நாய்க்குப் போடும் கணக்கு கிளிக்குச் சரிவராது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. உடம்பு சரியில்லாத கிளி கிண்ணத்தின் பக்கத்தில் நின்று விதையை உடைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் விழுங்காது. சாப்பிடுகிறது என்று நினைத்து நாம் நிம்மதியாக இருப்போம். கிண்ணத்தை ஊதிப் பாருங்கள். வெறும் உமியாகப் பறந்தால் சாப்பிட்டிருக்கிறது. உடைத்த பருப்பு அப்படியே கீழே கிடந்தால் சாப்பிடவில்லை.

முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

பொம்மை, ஊஞ்சல், கண்ணாடி எல்லாம் அப்புறம். ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். அதன்மேல் ஒரு சின்னக் குச்சி ஸ்டாண்டை வைத்து, பூஜ்யமாக்கி, கிளியை ஏறச் சொல்லுங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். தினமும் அதே நேரம். ஒரு காலண்டரில் எழுதி வைத்தால் போதும். எங்கள் மணி ஏறினதும் முதலில் தராசின் பட்டனைத்தான் கொத்துவான், அப்புறம்தான் குச்சி. அதற்கும் பழகிக்கொண்டோம்.

பட்ஜி (நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவது பெரும்பாலும் இதைத்தான்) சுமார் 30 முதல் 40 கிராம் இருக்கும். காக்டெய்ல் 80 முதல் 120. ஆப்பிரிக்கன் கிரே 400, 500 என்று போகும். இந்த எண்கள் பொதுவானவை. உங்களுக்கு முக்கியம் உங்கள் கிளியின் சொந்த எண். அதில் ஒன்றிரண்டு கிராம் ஏறி இறங்குவது சகஜம். நாலைந்து நாள் விடாமல் இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்து சதவீதம் குறைந்துவிட்டால் அது அவசரம். மணியின் வழக்கமான எடை 94. அந்த இரவு 81. நான் எடை பார்ப்பதை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலால் நெஞ்சைத் தொட்டால்தான் தெரியும். நடுவில் ஓடும் மார்பெலும்பு கத்தி முனைபோலத் தட்டுப்பட்டது.

எச்சத்தையும் படிக்கப் பழகுங்கள்

அருவருப்பாக இருந்தாலும் இது நல்ல பழக்கம். கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். ஆரோக்கியமான எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: பச்சையோ பழுப்போ ஆன கெட்டியான மலம், வெள்ளையான யூரேட் (சிறுநீரின் கெட்டியான பகுதி), கொஞ்சம் தெளிந்த நீர். பழம் தின்ற நாளில் நீர் கூடும். கலர் பெல்லட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி) தின்றால் மலத்தின் நிறம் மாறும். இதற்கெல்லாம் பதற வேண்டாம். வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பளிச்சென்ற பச்சையாகவோ மாறினால் கல்லீரல் பக்கம் சந்தேகம் போக வேண்டும். கறுப்பாகத் தார் போல வந்தால் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம். முழு விதை செரிக்காமல் அப்படியே வந்தாலும், எச்சமே குறைந்துபோனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

எது உடனே ஓட வேண்டியது?

மூச்சுதான் முதல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாய் திறந்து மூச்சு விடுவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, மூச்சில் கிளிக் கிளிக் என்ற சத்தம், குரல் திடீரென மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பறந்து வந்த களைப்பு, பயம் என்றால் சில நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடும்.

கூண்டின் அடியில் உட்கார்வது, குச்சியில் நிற்க முடியாமல் சரிவது, வலிப்பு, நிற்காத இரத்தம், பூனையோ நாயோ வாய் வைத்தது, விஷமான எதையாவது தின்றது, பெண் கிளி வால் ஆட்டி முக்கிக்கொண்டே இருப்பது, தலை முழுக்க வாந்தி ஒட்டியிருப்பது எல்லாம் இதே வரிசை. வாந்தி விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். கிளி தனக்குப் பிடித்தவருக்கோ கண்ணாடிக்கோ தலையை மேலும் கீழும் ஆட்டி ஆசையாகத் தீனியைக் கக்கிக் கொடுக்கும். அது காதல், நோய் இல்லை. தலையைப் பக்கவாட்டில் உதறி நாலா பக்கமும் தெறிக்க விட்டால் அதுதான் வாந்தி.

பகலில் உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, கண் பாதி மூடித் தூங்குவதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக இருக்கும் கிளி பெரும்பாலும் ஒற்றைக் காலில்தான் தூங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் பேசிவிடுங்கள்.

போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்

சூடுதான் பாதி மருந்து. நோயுற்ற பறவையின் தெம்பெல்லாம் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவதிலேயே கரைகிறது. ஒரு சின்னப் பெட்டியிலோ கூண்டிலோ அடியில் துண்டு விரித்து, பாதிப் பக்கத்தின் கீழே அல்லது வெளியே வெந்நீர்ப் பை வையுங்கள். பறவை இருக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஒரு தெர்மாமீட்டரை அதன் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள், ஊகம் வேண்டாம். மறு பாதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் அது நகர்ந்துகொள்ளும். இறகை உடம்போடு ஒட்டி, சிறகை விலக்கி, வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். ஹீட் லாம்ப் பல்பு வாங்குவதாக இருந்தால் டெஃப்லான் பூச்சு இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள். காப்பாற்ற வைத்த பல்பே கொன்றுவிடும்.

டெஃப்லான் என்றதும் சொல்லிவிடுகிறேன். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறும் அடுப்பில் அதிகமாகச் சூடாக்கினால் அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் புகை கிளியை நிமிடங்களில் கொல்லும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் சேர்ந்து நம்முடையதைவிடத் திறமையாகக் காற்றை இழுக்கின்றன. விஷத்தையும் அதே திறமையோடுதான் இழுக்கும். அப்படி நடந்தால் உடனே சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நேராக ஆக்சிஜன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். அயர்ன் பாக்ஸ், ரூம் ஹீட்டர், ஹேர் டிரையர் ஆகியவற்றிலும் இந்தப் பூச்சு இருக்கலாம்.

இரத்தம்: 35 கிராம் பட்ஜியின் உடம்பில் மொத்தமே மூன்று மில்லி சொச்சம் இரத்தம்தான். தரையில் ஏழெட்டுச் சொட்டு விழுந்தால் நமக்குச் சின்னதாகத் தெரியும், அதற்குப் பெரிய இழப்பு. நகம் ஒடிந்திருந்தால் ஸ்டிப்டிக் பவுடர் (இரத்தத்தை நிறுத்தும் தூள்), அது இல்லாவிட்டால் சோளமாவை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். தோல் காயத்திலும் இறகுக் குழியிலும் ஸ்டிப்டிக் பவுடர் போடக் கூடாது, எரித்துவிடும். அங்கே சுத்தமான துணியால் மெல்ல அழுத்துவதே வழி. புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அது ஒடிந்தால் குழாய் திறந்த மாதிரி ஒழுகும். அதைப் பிடுங்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. புதியவர்கள் அந்த வேலையில் இறங்க வேண்டாம். சோளமாவு வைத்து அழுத்திக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

பிடிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கிளிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. துண்டைச் சுற்றி நெஞ்சை இறுக்கினால் மூச்சு நின்றுபோகும். கழுத்தைச் சுற்றி விரல் வளையம், உடம்பைத் தளர்வாகச் சுற்றிய துண்டு, அவ்வளவுதான்.

பூனை கடித்தால் காயம் தெரியாவிட்டாலும் போயே ஆக வேண்டும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பறவையின் இரத்தத்தில் கலந்தால் ஒரு நாள் இரண்டு நாளில் முடித்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். "ஒன்றும் ஆகவில்லை, இறகுதான் நாலு போயிருக்கிறது" என்று விட்டுவிட்டுப் பிறகு அழுதவர்கள் ஏராளம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. சோர்ந்த பறவைக்குச் சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் முதலான மனித மாத்திரைகள் வேண்டாம். இறகின் மேல் எண்ணெய், களிம்பு, வாசலின் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு சூட்டைக் காக்காது.

போனில் என்ன சொல்வது?

"கிளிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மறுநாள் சாயங்காலம் டோக்கன் கொடுப்பார்கள். "காக்டெய்ல், நாலு வயது, 94 கிராம் இருந்தது 81 ஆகிவிட்டது, வால் ஆட்டி மூச்சு விடுகிறது, காலையிலிருந்து சாப்பிடவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பேசுபவரின் குரலே மாறிவிடும். அப்படியே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். இன்று பறவை பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா? ஆக்சிஜன் கூண்டு இருக்கிறதா? இரவு தங்கவைத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

நல்ல பறவை மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி, அந்த நாலாவது இடம். மருத்துவர் கூண்டைத் திறந்ததும் மணியைப் பிடித்தார். வாயைப் பார்த்தார். "கோல்டு பிடிச்சிருக்கும்" என்றார். தண்ணீரில் கலக்க ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். எடை பார்க்கவில்லை. எச்சத்தைப் பார்க்கவில்லை. என்ன தீனி, எந்தக் கூண்டு என்று ஒரு கேள்வி இல்லை. நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். தண்ணீரே குடிக்காத பறவைக்குத் தண்ணீரில் மருந்து. அது எனக்குத் தோன்றியதே வீட்டுக்கு வந்த பிறகுதான். அவர் கெட்டவர் இல்லை, நாய்களுக்கு நல்ல மருத்துவராகக்கூட இருக்கலாம். கிளி அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் கூண்டைத் திறக்கவே இல்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, என்னோடு பேசியபடியே ஐந்து நிமிடம் மணியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி நிற்கிறான், எப்படி மூச்சு விடுகிறான், எச்சம் எப்படி விழுகிறது. "கூண்டுல புதுசா எதையாவது மாட்டினீங்களா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால் சாவிக்கொத்து வளையம் ஒன்றில் கிணுகிணுக்கும் சின்ன மணியைக் கோத்துக் கூண்டில் மாட்டியிருந்தேன். அதன் பளபளப்பு ஒரு பக்கம் கொத்தித் தேய்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. எக்ஸ்ரேயில் அவன் வயிற்றுக்குள் மூன்று வெள்ளைப் புள்ளி. உலோகம். துத்தநாக விஷம். ஈயமும் துத்தநாகமும் கிளிகளுக்கு அடிக்கடி வரும் விஷங்கள். மலிவு மணிகள், கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) கம்பி, பழைய பெயின்ட், திரைச்சீலையின் அடியில் தைக்கும் எடைக்குண்டு என்று எங்கிருந்தும் வரலாம். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் கால்சியம் ஈடிடிஏ ஊசி அன்றே ஆரம்பித்தது.

ஆக, தேடும்போது நான் பார்ப்பது இவைதான். முதலில் தொடாமல் பார்க்கிறாரா? கிராமில் எடை போடுகிறாரா? மருந்தை அந்த எடைக்குக் கணக்குப் போட்டுத் தருகிறாரா? கேள்விகள் தீனியிலிருந்து ஆரம்பிக்கின்றனவா? இவற்றில் இரண்டு இல்லையென்றால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

போனிலேயே கேட்கக்கூடியவை: வாரத்துக்கு எத்தனை பறவை பார்க்கிறீர்கள்? பறவைக்கு இரத்தப் பரிசோதனை எடுப்பீர்களா, எங்கிருந்து எடுப்பீர்கள்? அனுபவமுள்ளவர் பெரும்பாலும் கழுத்தின் வலதுபக்க இரத்தக் குழாய் என்பார், பறவைகளுக்கு அந்தப் பக்கத்துக் குழாய்தான் பெரிது. நகத்தை வெட்டி இரத்தம் எடுப்பவரிடம் எனக்குத் தயக்கம் வரும். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் ஐசோஃப்ளூரேன் மாதிரி வாயு வைத்திருக்கிறார்களா? உங்களால் முடியாத கேஸ் என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கோபப்படாமல் ஒரு பெயர் சொல்பவர் நல்ல மருத்துவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே தேடுவது? அசோசியேஷன் ஆஃப் ஏவியன் வெட்டரினேரியன்ஸ் என்ற அமைப்பு 1980 முதல் இயங்குகிறது. பல நாட்டு மருத்துவர்கள் அதில் உறுப்பினர்கள், இடம் கொடுத்துத் தேடும் வசதியும் உண்டு. உறுப்பினர் என்றால் ஆர்வம் உள்ளவர் என்று பொருள், நிபுணர் என்று பொருளல்ல. பறவை மருத்துவத்தில் தனியாகத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் வேறு, அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி, உயிரியல் பூங்கா, பறவை மீட்பு மையம், அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் ஆகியோரிடம் கேளுங்கள். "யாரிடம் போகிறீர்கள்?" என்பதைவிட "உங்கள் பறவைக்கு மோசமான நாளில் யார் பார்த்தார்?" என்று கேட்டால் சரியான பெயர் வரும்.

பெயர் கிடைத்ததும் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு உங்கள் கிளியின் ஆரோக்கியமான எடையும் நடையும் பதிவில் இருக்கும். வழி எவ்வளவு தூரம், இரவில் எந்த எண் என்பதெல்லாம் உங்களுக்குப் பழகிவிடும். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இரண்டாவது பெயர் ஒன்றும் வேண்டும்.

கொண்டு போகும்போது

பெரிய கூண்டோடு போகாதீர்கள். சின்னப் பெட்டி, அடியில் துண்டு, மேலே பாதி மூடிய துணி. தளர்ந்த பறவைக்குக் குச்சி வேண்டாம், விழுந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் கவிழும், அதற்குப் பதில் நீருள்ள ஒரு பழத்துண்டு போதும். வண்டியைக் கதகதப்பாக வைத்திருங்கள். அன்றைய எச்சத் தாள், வீட்டில் எடுத்த வீடியோ, கூண்டின் போட்டோ, எடைக் குறிப்பு, சந்தேகப்படும் பொருளின் பாக்கெட் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ முக்கியம். மருத்துவரின் மேசைமேல் ஏறியதும் பல கிளிகள் திடீரென்று ஆரோக்கியமாக நடிக்கும்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிளமிடியா சிட்டாசி என்ற கிருமி கிளியிலிருந்து மனிதருக்கும் தொற்றும். உங்கள் சொந்த மருத்துவரிடமும் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அவராகக் கேட்கமாட்டார்.

வீடு திரும்பியபின்

மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லி அனுப்பினால் போதாது. அங்கேயே, அவர் முன்னால், நீங்கள் ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள். துண்டில் பிடித்து, சிரிஞ்சை அலகின் ஓரத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக. முதல் இரண்டு நாள் மணி என்னைக் கடித்துக் குதறினான். மூன்றாம் நாளிலிருந்து துண்டைப் பார்த்தாலே ஓடினான். ஓடுகிற தெம்பு வந்ததே என்று இருந்தது. தேறிவிட்டது என்று நினைத்து மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் தனி அறை, தனிக் கிண்ணம், இதைத் தொட்ட பிறகு கை கழுவல். நோயாளியைக் கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும்.

சில நேரம் எல்லாம் செய்தும் பிழைக்காது. அப்போது, மனம் வந்தால், உடலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசுக்கள் கெட்டுவிடும். பையில் கட்டிச் சாதாரண ஃப்ரிட்ஜ் தட்டில் வைத்துச் சீக்கிரம் கொண்டு சேர்த்துவிடுங்கள். மீதிப் பறவைகளுக்கு என்ன ஆபத்து இருக்கிறது என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

மணி பதினொன்றாம் நாள் 91 கிராம் காட்டினான். வளையத்தைக் கூண்டிலிருந்து எடுத்த இடத்தில் இப்போது ஒரு மரத்துண்டு தொங்குகிறது. அதை வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது.